கூரையில் விட்டுவந்தவர்

ஆட்டம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கினால் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிடுவது என் வழக்கம். அன்றைக்கு எழவில்லை. மொத்தம் எத்தனை ஜாம்பிகள் செத்தன, அதில் யார் பங்கு எவ்வளவு என்று கணக்குகள் திரையில் ஏறிக்கொண்டிருந்தன. நாங்கள் ஜெயித்திருந்தோம். அந்தப் பெயர்களுக்கு நடுவே ‘இன்னாரின் நினைவாக’ என்று ஒரு வரி. அதில் இருந்தது எங்களோடு ஆடிய நான்காமவரின் பெயர். அவர் நலமாகத்தான் இருந்தார், மைக்கில் சிரித்துக்கொண்டும் இருந்தார். ஆனாலும் அந்த வரியைப் பார்த்ததும் அடிவயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் எத்தனையோ ஆட்டங்கள் ஆடியாயிற்று, அந்த வரி மட்டும் போகவில்லை.

லெஃப்ட் 4 டெட் பற்றித்தான் சொல்கிறேன். நாலு பேர் சேர்ந்து ஜாம்பிக் கூட்டத்தைச் சுடும் ஆட்டங்களை ஏன் இப்படித் தேடித் தேடி ஆடுகிறாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எப்போதும் பதில் இருந்தது. வேகம் பிடிக்கும், பயம் பிடிக்கும், நாள் முழுக்கச் சேர்ந்த எரிச்சல் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு ஆட்டத்தில் ஜெயித்த பிறகும் மனசு ஏன் கனத்தது என்று கேட்டால் இந்தப் பதில்களில் ஒன்றும் கைகொடுப்பதில்லை. எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுகிறதா என்று பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட ஆட்டக்காரன் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு அணிகள் ஒன்றையொன்று சுடும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் வளர்ந்தவன் நான். குறி தவறாதவன் பிழைப்பான், மற்றவன் சாவான் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம். அணி என்று ஒன்று இருந்தாலும், பட்டியலில் முதல் பெயர் என்னுடையதா என்றுதான் கண் போகும். நானும் என் தம்பியும் பள்ளிக்கால நண்பன் ஒருவனும் வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி இரவுகளில் ஆடுவோம். நான்காவது இடம் பல நாள் காலியாக இருக்கும். அப்படி ஒரு நாள் நண்பன் தன் அலுவலகத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். மைக்கில் அதிகம் பேசமாட்டார். எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் அழைப்பார், கூட்டம் மேலே விழுந்து கத்திக்கொண்டிருக்கும்போதுகூட. அவரைத்தான் நான்காமவர் என்கிறேன்.

தானாக எழ முடியாது

முதல் வாரம் நான் முன்னால் ஓடினேன். சாதாரண ஜாம்பிகள் ஒரு பொருட்டே இல்லை, ஒரு துப்பாக்கி இருந்தால் பத்துப் பேரைச் சாய்த்துவிடலாம். பத்தொன்பதோ இருபதோ அடி முன்னால் போயிருப்பேன், இருட்டிலிருந்து ஹன்டர் என்ற சிறப்பு ஜாம்பி பாய்ந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. எவ்வளவு நன்றாகக் குறி பார்ப்பவனாக இருந்தாலும் வேறொருவர் வந்து அதைச் சுடும்வரை கிழிபட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஸ்மோக்கர் என்ற இன்னொரு ஜாம்பியும் அப்படியே. கூரை மேலிருந்து நாக்கை வீசிக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். போகிற வழியெல்லாம் நம் கைகள் காற்றில் துழாவும்.

இது எனக்கு முதலில் அநியாயமாகப் பட்டது. எந்த ஆட்டத்திலும் எதிரி நம்மை மடக்கினால் நாமே தப்ப ஒரு வழி வைத்திருப்பார்கள். இங்கே வேண்டுமென்றே அந்த வழியை அடைத்துவிட்டார்கள். உயிர் தீர்ந்து விழுந்தாலும் உடனே சாவதில்லை. தரையில் கிடந்தபடி கைத்துப்பாக்கியால் சுடலாம். முந்நூறு புள்ளி உயிர் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். யாராவது வந்து பக்கத்தில் மண்டியிட்டு ஐந்து விநாடி செலவழித்தால்தான் எழ முடியும். அந்த ஐந்து விநாடியும் தூக்கிவிடுகிறவரும் நிராயுதபாணிதான், அவரால் சுட முடியாது. அதனால் மூன்றாவது ஒருவர் அவருக்குக் காவல் நிற்க வேண்டும். ஒருவன் விழுந்தால் மூன்று பேரின் வேலை மாறுகிறது. இரண்டு முறை இப்படித் தூக்கிவிடப்பட்டவனின் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். அடுத்த விழுதல் கடைசி.

அப்புறம் அந்த உருவக்கோடுகள். கூட்டாளிகள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அவர்கள் உடலின் வெளிக்கோடு நமக்குத் தெரியும். ‘வசதிக்காக வைத்தது’ என்று நினைத்து ஆடிக்கொண்டிருந்தேன். நாள் போகப்போகத்தான் அது செய்யும் வேலை புரிந்தது. இரண்டு அறை தள்ளி ஒருவர் விழுந்து கிடந்தால், எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன். போகாமல் இருந்தால் தெரிந்தே போகாமல் இருக்கிறேன்.

இந்த ஆட்டத்தின் விதை கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலேயே விழுந்தது என்று பிறகு படித்தேன். அந்த ஆட்டத்துக்கு பாட்களை, அதாவது கணினியே இயக்கும் ஆட்டக்காரர்களை, உருவாக்கிக்கொண்டிருந்த டர்ட்டில் ராக் ஸ்டூடியோஸ்காரர்கள், கத்தி மட்டும் வைத்திருக்கும் ஏராளமான பாட்களைத் துப்பாக்கியோடு சில பேர் எதிர்கொண்டு பார்த்திருக்கிறார்கள். வழக்கமான ஆட்டத்தைவிட அது அவர்களுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. எதிரிக்கு மூளை குறைந்தால் ஆட்டம் சப்பென்று போகும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது வேறு. எதிரியிடம் படிக்க வேண்டியது எதுவும் இல்லாமல் போனதும், ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் படிக்க ஆரம்பித்தார்கள். ஜாம்பிக்கு நம்மேல் கோபம் கிடையாது, திட்டமும் கிடையாது, தோற்கடித்தால் அவமானப்படவும் போவதில்லை. மழை மாதிரி, வெள்ளம் மாதிரி வந்து மோதுகிறது. வெள்ளத்தில் நிற்கும்போது வெள்ளத்தின் குணத்தை யாரும் பேசுவதில்லை. பக்கத்தில் நிற்பவன் கையை விட்டானா பிடித்தானா என்பதைத்தான் பேசுவார்கள்.

மூச்சுவிடும் நேரம்

ஆட்டத்துக்குள் ‘டைரக்டர்’ என்று ஒரு நிரல் இருப்பது ஆடியவர்களுக்குத் தெரியும். எந்த மூலையில் எப்போது கூட்டம் வரும் என்பதை ஒவ்வொரு முறையும் அதுதான் புதிதாகத் தீர்மானிக்கும். இதை வடிவமைத்த மைக் பூத் 2009-இல் அளித்த விளக்கவுரையில் ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒவ்வொருவரும் எவ்வளவு அடி வாங்கினார்கள், விழுந்தார்களா, எவ்வளவு கிட்டத்தில் சுட வேண்டியிருந்தது என்பதையெல்லாம் வைத்து அவர்கள் பட்ட பதற்றத்தை அது அளக்கிறது. பதற்றம் உச்சத்தைத் தொட்டதும் மூன்றிலிருந்து ஐந்து விநாடி அப்படியே பிடித்து வைக்கும். பிறகு வேண்டுமென்றே கையை எடுத்துவிடும். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து விநாடி, அல்லது நாம் போதுமான தூரம் நடக்கும்வரை, பெரிய கூட்டம் எதுவும் வராது.

அந்த அரை நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். துப்பாக்கிகள் ஓய்ந்ததும் மைக்கில் முதலில் மூச்சுச் சத்தம் கேட்கும். பிறகு யாராவது, “யாருக்கு எவ்வளவு இருக்கு?” என்பார்கள். பணம் இல்லை, உயிர். ஒருவனுக்கு எண்பது, ஒருவனுக்குப் பதினைந்து. ஹெல்த் கிட் ஒருவரிடம் ஒன்றுதான் இருக்கும். அதைத் தனக்கே போட்டுக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் போடலாம். போட்டுக்கொண்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனாலும் அந்த அரை நிமிடத்தில், “நில்லுங்க, அசையாதீங்க” என்று சொல்லிக்கொண்டு நான்காமவர் என் முதுகுப் பக்கம் வந்து நிற்பார். அவருக்கு இருப்பது நாற்பது. எனக்கு இருபது. கட்டுப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் முன்னால் நடந்துவிடுவார்.

என் வாழ்க்கையில் அதுவரை ஆடிய எந்த ஆட்டத்திலும் ஒருவர் எனக்கு இப்படி எதையும் கொடுத்ததில்லை. கொடுத்தாலும் அவர்கள் இழப்பதற்கு ஒன்றும் இருந்ததில்லை. இங்கே கொடுப்பவரின் பை உண்மையிலேயே காலியாகிறது. அடுத்த திருப்பத்தில் அந்தக் கிட் இல்லாமல் அவர் விழலாம். பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவைச் சாத்தியதும் நாலு பேரும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்போமே, அந்த அமைதிக்காகவே நான் இந்த வகை ஆட்டங்களை விடாமல் ஆடுகிறேன் என்று சில சமயம் தோன்றுகிறது.

மருத்துவமனைக் கூரை

லெஃப்ட் 4 டெட்டில் ‘நோ மெர்சி’ என்ற கதைப்பகுதியின் கடைசி அத்தியாயம். 2010-இன் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கடினம் ‘அட்வான்ஸ்டு’. நாங்கள் அந்தக் கூரையை அதற்கு முன் பல தடவை தாண்டியிருக்கிறோம், ஆனால் அன்றைக்கு வந்து சேரும்போதே நலிந்துபோயிருந்தோம். நான் ஏற்கெனவே இரண்டு முறை விழுந்து எழுந்தவன், என் திரை கறுப்பு வெள்ளையில் இருந்தது. வானொலியில் ஹெலிகாப்டரை அழைத்துவிட்டு அந்தச் சிறிய கட்டடத்துக்குள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றோம். கூட்டம், டேங்க் என்ற ராட்சத ஜாம்பி, மறுபடி கூட்டம், மறுபடி டேங்க். இரண்டாவது டேங்க் சாய்வதற்கு முன்னால் நான்காமவர் தன்னிடம் இருந்த மாத்திரைப் புட்டியை என் கையில் திணித்தார். “எனக்கு வேணாம், நீங்க வச்சுக்குங்க” என்றார். நானும் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் என்பதை இப்போது எழுதும்போதும் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

ஹெலிகாப்டர் வந்தது. ஓடினோம். தம்பி முதலில் ஏறினான், அடுத்து நண்பன். எனக்கு நாலடி இருந்தபோது பின்னால் நான்காமவரின் குரல், எப்போதும்போல் நிதானமாக: “விழுந்துட்டேன்.” திரும்பிப் பார்த்தேன். வானொலிக் கட்டடத்தின் வாசலில் கிடந்தார். அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது டேங்க் வந்துகொண்டிருந்தது. அவர் கைத்துப்பாக்கியால் அதைச் சுட ஆரம்பித்தார். கைத்துப்பாக்கி டேங்கை ஒன்றும் செய்யாது என்பது அவருக்கும் தெரியும். அது எங்கள் பக்கம் திரும்பக் கூடாது என்பதற்காகச் சுட்டார்.

“ஏறுங்க, ஏறுங்க. நான் பிடிச்சு வைக்கிறேன்.”

ஆடியவர்களுக்குத் தெரியும், அந்த ஹெலிகாப்டருக்குக் கடிகாரம் கிடையாது. எழுந்து நிற்பவர்கள் எல்லோரும் ஏறியதும் கிளம்பிவிடும். விழுந்து கிடப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆக, தம்பியும் நண்பனும் உள்ளே உட்கார்ந்திருக்க, அது கிளம்புவதா நிற்பதா என்பது முழுக்க என் கையில் இருந்தது. நான் வெளியே நிற்கும்வரை அது நிற்கும். உள்ளே கால் வைத்தால் போய்விடும். வாசலில் நின்றேன். மூன்று விநாடி, நாலு விநாடி. தூக்கிவிட ஐந்து விநாடி வேண்டும், அதற்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும். ஒரு அடி பட்டால் நான் தீர்ந்தேன். நான் திரும்பிப் போனால் இவர்களும் இறங்கி வருவார்கள், வந்தால் எல்லோரும் சாவோம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஏறினேன்.

கூரை கீழே போனது. அவருடைய உருவக்கோடும் கைத்துப்பாக்கியின் சத்தமும் கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு பெயர்கள் ஓடின. நான்காமவர், “நல்லா ஆடினோம். சரி, காலையில வேலை இருக்கு, வரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டதாக நண்பன் சொன்னான். அதன் பிறகு எங்களோடு ஆடவில்லை.

அந்த ஆட்டத்தின் பெயரை எத்தனையோ தடவை படித்திருப்பேன். நாலு பேர் ஆடுவதால் நடுவில் ஒரு 4 என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். செத்துவிட்டான் என்று எண்ணி ஒருவனை விட்டுவிட்டுப் போவது என்ற அதன் நேர்ப் பொருள் அந்த இரவுதான் உறைத்தது. இதில் இன்னொரு விஷயம். 2009 செப்டம்பரில் வந்த கிராஷ் கோர்ஸ் என்ற கூடுதல் பகுதி, அதே ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கிக் கிடக்கும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவரை விட்டுவிட்டு நாங்கள் தப்பிப் போனது கதைப்படி அடுத்த விபத்துக்குத்தான். எனக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும் வாசலில் நின்றபோது அது நினைவில் இல்லை.

மூன்று பேர், மூன்று கணக்கு

அடுத்த நாள் இதைச் சொன்னபோது நண்பன், “ஆட்டம்தானடா, விடு. நீ திரும்பிப் போயிருந்தா அவரே திட்டியிருப்பார்” என்று முடித்துவிட்டான். தம்பி சொன்னதுதான் யோசிக்க வைத்தது. “நான் உனக்கு முன்னாடியே ஏறிட்டேன், எனக்கு ஒண்ணும் தோணலையே. உனக்கு மட்டும் ஏன்?” அவன் ஏறும்போது யாரும் விழுந்திருக்கவில்லை. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கவில்லை. நான் நின்றேன்.

நான்காவது இடத்தில் அதன் பிறகு பாட்தான் வந்தது. பாட் நல்ல கூட்டாளி என்பதையும் சொல்ல வேண்டும். விழுந்தால் ஓடி வரும், தன் கிட்டை எடுத்து நமக்குப் போடும், முணுமுணுக்காது. பல முறை என்னைத் தூக்கிவிட்டிருக்கிறது. ஒரு முறைகூட எனக்கு எதுவும் தோன்றியதில்லை. அதற்கு நேர்மாறாக, தம்பி ஒரு நாள் என்னைக் காப்பாற்ற ஓடி வந்து, வழியில் விழுந்து, இருவரும் செத்துத் தோற்றோம். அந்தத் தோல்வியை நினைத்தால் இன்றும் இதமாக இருக்கிறது. வந்து சேர்வது மட்டும் பெரிதென்றால் பாட் என் உயிர்த்தோழனாகியிருக்க வேண்டும். வராமல் இருக்கவும் முடிந்த ஒருவன் வருகிறான் என்பதில்தான் ஏதோ இருக்கிறது.

இந்த அளவுகோலோடுதான் மற்ற ஆட்டங்களையும் பார்க்கிறேன். லெஃப்ட் 4 டெட் வந்த அதே 2008 நவம்பரில் வந்த கால் ஆஃப் டியூட்டி: வேர்ல்ட் அட் வாரின் ஜாம்பிப் பகுதியில் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தபடி சுற்றுச் சுற்றாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். அங்கே தப்பிக்கும் வாசலே கிடையாது, கடைசியில் எல்லோரும் விழுவோம். அதனால் யாரையும் யாரும் விட்டுவர வேண்டியதில்லை, அதில் ஒரு நிம்மதி உண்டு. கில்லிங் ஃப்ளோர் ஆட்டத்தில் எதிரிகள் வரும் அலைகளுக்கு நடுவே ஆயுதம் வாங்கக் கையில் காசில்லாதவனுக்கு மற்றவர்கள் நோட்டுகளைத் தரையில் வீசுவார்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். டர்ட்டில் ராக்காரர்களே 2021-இல் கொண்டுவந்த பேக் 4 பிளட்டை ஆவலோடு வாங்கினேன். சுடுவதற்கு அருமையான ஆட்டம். ஆனால் உள்ளே நுழையும் முன்பே அவரவர் சீட்டுக்கட்டை அடுக்கித் தன் திறனைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டே நாலு பேரும் நடந்தோம். பக்கத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது குறைந்துபோனது. அந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், எனக்கு ஒட்டவில்லை.

பாலம்

2010 ஏப்ரலில் லெஃப்ட் 4 டெட்டின் இரண்டாம் பாகத்துக்கு தி பாஸிங் என்ற கூடுதல் பகுதி வந்தபோது, முதல் பாகத்தில் நாங்கள் ஆடிய பாத்திரங்களில் ஒருவரான கிழவர் பில் ஒரு ஜெனரேட்டர் பக்கத்தில் இறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டோம். எப்படி இறந்தார் என்பது அக்டோபரில் தி சாக்ரிஃபைஸ் வந்தபோதுதான் தெரிந்தது. மூன்று ஜெனரேட்டர்களை ஓடவிட்டுப் பாலத்தில் ஏறி, அதை மேலே தூக்க வேண்டும். பாதியில் ஒரு ஜெனரேட்டர் நின்றுவிடும். யாராவது ஒருவர் கீழே குதித்து அதை மறுபடி ஓடவிட வேண்டும். குதித்தவர் திரும்ப ஏற முடியாது. கதையில் அது பில். ஆடும்போது அது யார் என்பதை ஆடுகிறவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தொடங்கும் முன்பே சொல்லிவிட்டேன். “கடைசியில நான்தான் இறங்குவேன். யாரும் குறுக்க வராதீங்க.” தம்பி சரி என்றான். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

பாலம் ஏறத் தொடங்கியதும் சுடுவதை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டேன். கீழே கூட்டம் நெரிந்தது. ஜெனரேட்டர் எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் இழுத்து, திணறி, நின்றது. நான் கால் எடுப்பதற்குள் என் தோளை உரசிக்கொண்டு ஒரு உருவம் கீழே விழுந்தது.

“டேய்! நான் போறேன்னு சொன்னேன்ல?”

பதில் இல்லை. கீழே அவனுடைய உருவக்கோடு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் ஓடியது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது. ஆட்டம்தானடா, விடு என்று சொன்னவன்.

“அவரைக் கூட்டிட்டு வந்தது நான்டா,” என்றான்.

ஜெனரேட்டர் மறுபடி ஓடியது. பாலம் அசைந்து ஏறியது. தம்பி அவனைச் சுற்றி நின்றவைகளைச் சுட ஆரம்பித்தான், ஒன்றும் பேசாமல். டேங்குகள் வந்துகொண்டிருந்தன. மேலே இருந்து சுட்டு எதுவும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும், குண்டு தீரும்வரை நானும் கீழே சுட்டுக்கொண்டே இருந்தேன்.